பாலத்துக்குக் கீழே ஒரு செம்பு

1

குளிர்காலத்தில் அந்த ஏரி நாட்டுக்கு வந்தால் எங்கே போகலாம், என்ன செய்யலாம் என்று ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கதை பிறகு வரும். இரண்டும் ஒரே ஏரியில்தான் நடக்கின்றன.

பின்லாந்தின் தென்கிழக்கில் சாய்மா என்ற ஏரி இருக்கிறது. தீவும் காடும் தண்ணீருமாகக் கலந்து கிடக்கும். எந்த இடத்தில் நின்றாலும் அது எங்கே முடிகிறது என்று தெரியாது. மார்கழி பாதியில் உறையத் தொடங்கும். தையில் அதன்மேல் வண்டி ஓட்டுவார்கள். பனியைத் தள்ளி ஏரிமேலேயே நீளமாகச் சறுக்குப் பாதை போட்டிருப்போம். துரப்பணத்தால் பனிக்கட்டியில் குழி போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம். அகலமான பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கலாம். சவுனா என்ற நீராவி அறையில் வெந்துவிட்டு ஏரியில் வெட்டிய குழியில் இறங்கலாம். வானத்தில் பச்சை வெளிச்சம் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் வடக்கே போங்கள். இங்கே அதற்காகக் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிப்ரவரி கடைசி நல்ல சமயம். வெயில் இருக்கும், பனிக்கட்டி கெட்டியாகவும் இருக்கும். பருத்தி உள்ளாடை வேண்டாம். வேர்த்தால் அதுவே ஆளைக் கொல்லும்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இதுதான் என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பின் பம்பாய், மஸ்கட், மாலத்தீவு என்று சுற்றினேன். ஓர் இடத்தில் மூன்று வருடம் நிலைத்ததில்லை. ஷீஜா, என் மனைவி, இங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்தாள். அவள் பின்னால் நானும் மகளும் வந்தோம். ஒன்பது வருடமாகிறது. எய்லா என்ற அறுபது வயதுப் பெண்மணி ஏரிக்கரையில் விடுதிக் குடில்கள் நடத்துகிறாள். அங்கே விறகு பிளப்பேன், குழி போடுவேன், பாதை தள்ளுவேன், வருகிறவர்களை ஏரிக்குக் கூட்டிப் போவேன். தண்ணீரின் மேல் நடக்கிற வேலை. என் ஊரான பாறசாலையில் சொன்னால் சிரிப்பார்கள்.

2

போன வருடம் மகர மாதத்தில், அதாவது தையில், அப்பா இறந்தார். பனச்சமூடு சந்தையில் வாழைக்குலை விற்றவர். அப்போது என் குடியிருப்பு அனுமதி புதுப்பித்தலில் இருந்தது. முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது சிக்கலாகலாம் என்றார்கள். கேட்டுப் பார்த்தேன், எழுதிப் பார்த்தேன். "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வாக்கியம் மூன்று தடவை வந்தது. எரியூட்டலைக் கைபேசியில் பார்த்தேன். அங்கே அதைக் காட்டியவன் கைபேசியைச் சாய்த்துப் பிடித்ததில் பாதி நேரம் தென்னை ஓலைதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் தகப்பன் இறந்தால், எலும்பைப் பொறுக்கி மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பலாமரத்தின் மூட்டில் புதைத்து வைப்பது உண்டு. ஒரு வருடம் கழித்து, அதே மாதம் அதே நட்சத்திரத்தில் எடுத்து, பிண்டச் சோறு வைத்துப் பலி போட்டு, ஓடும் தண்ணீரில் பிள்ளைகள் எல்லோரும் கை சேர்த்து விட வேண்டும். நனைந்த வேட்டியோடு மூன்று முறை முங்க வேண்டும். ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிட வேண்டும். அது வந்து சோற்றை எடுக்கும்வரை வேட்டி மாற்றக் கூடாது. அதுவரைக்குமான ஒரு வருடமும் மகன் தாடி எடுக்கக் கூடாது. அதற்குத் தீட்சை என்று பெயர்.

தீட்சை இருந்தது என் அண்ணன் சுகுமாரன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கொல்லயில் என்ற ஊரில் வீடு. எனக்குத் தீட்சை இல்லை. எலும்பு பொறுக்காதவனுக்கு அது கிடையாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள்.

ஆண்டு நெருங்கியபோது இந்தத் தடவையாவது வருகிறாயா என்று அண்ணன் கேட்டார். அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் அது வேலையில் தொங்குகிறது, வேலை குளிர்காலத்தில் தொங்குகிறது. இங்கே தையில் விடுப்புக் கேட்பதும் ஊரில் அறுவடையன்று அரிவாளோடு காணாமல் போவதும் ஒன்று.

"செரி. நீ வரேல்லெண்ணா நான் வாறேன்," என்றார். "அப்பனையும் கொண்டாக்கும் வாறேன்."

"அப்பனையா?"

"எல்லாத்தையும் இல்லலே. ஒரு துண்டு. மிச்சத்த நெய்யாற்றில நான் விட்டுருவேன். அந்த ஒரு துண்டில ரெண்டு பேரும் கை வச்சாத்தான் எனக்குத் தாடி எடுக்க ஒக்கும். இல்லெண்ணா சாவுகது வரைக்கும் சாமியார்தான்."

விசாவில் பயண நோக்கம் 'குளிர்காலச் சுற்றுலா' என்று போட்டோம். பொய்யில்லை.

விமான நிலையத்தில் அண்ணனை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். கடவுச்சீட்டுப் படத்தில் மழுங்கச் சிரைத்த கண்டக்டர், எதிரே நெஞ்சு வரை தாடி. அதிகாரி என்னைக் கைபேசியில் அழைத்தார். தாடி ஏன் என்றார். தகப்பனார் இறந்ததால் என்றேன். எப்போது என்றார். போன வருடம் என்றேன்.

வெளியே வந்த அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிவப்புப் பட்ட அவுத்து, செம்பக் காட்டி, இது என்னதுண்ணு கேட்டான். ஃபாதர்ண்ணு சொன்னேன். மறுபடியும் கேட்டான். மறுபடியும் ஃபாதர்ண்ணேன். மரண சர்ட்டிபிக்கேட்ட நீட்டினேன். அவன் தொப்பியக் கழத்திட்டு 'போ'ண்ணு கைய காட்டினாம்லே. மரியாதைக்காரன்."

கைப்பிடிக்குள் அடங்குகிற மூடியிட்ட செம்பு, உள்ளே அப்பாவின் எலும்புத் துண்டு. நான் கையை நீட்டினேன். அண்ணன் பையை இழுத்துக்கொண்டார்.

"இப்பத் தொடாண்டாம். பலியண்ணைக்குக் குளிச்சிட்டுத் தொட்டா மதி, போதும்."

3

என் மகள் ஆதிராவுக்குப் பதினாறு வயது. ஏழு வயதில் வந்தாள். முதல் இரண்டு வருடம் என்னோடு தமிழ், அம்மாவோடு மலையாளம், பள்ளியில் அவர்கள் பாஷையான பின்னிஷ் என்று மூன்றையும் பிரித்து வைத்திருந்தாள். பிறகு பள்ளிப் பாஷை வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டது. இப்போது நான் தமிழில் கேட்பேன், அவள் பின்னிஷில் பதில் சொல்வாள். என் பின்னிஷ் கடைக்குப் போதும், மகளுக்குப் போதாது. என் உச்சரிப்பைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். ஓணத்துக்கு இங்குள்ள மலையாளிகள் கூடும்போது வர மாட்டாள். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு ஏரியில் சறுக்கப் போவாள். கழுத்தில் ஒரு கயிறு, அதன் இரு நுனியிலும் ஆணி வைத்த பிடி. பனிக்கட்டி உடைந்து விழுந்தால் அதைக் குத்திக் குத்தி மேலே ஏற வேண்டுமாம். பள்ளியிலேயே உடுப்போடு குழியில் இறக்கிப் பழக்குகிறார்கள். பிள்ளையைத் தண்ணீருக்குள் தள்ளிப் படிப்பிக்கிற பள்ளிக்கூடமா என்று ஷீஜா அன்று சண்டைக்கே போனாள்.

அண்ணன் வீட்டுக்குள் வந்ததும் ஆதிரா பல வருடமாகப் பேசாத தமிழை எடுத்தாள். எடுத்த விதம்தான் கோளாறு.

"நீ எதுக்கு இவ்வளவு தாடி வச்சிருக்க?"

"எடீ, பெரியப்பாவ நீங்கண்ணு சொல்லணும்," என்றேன்.

அண்ணன் என்னைக் கையமர்த்தினார். "விடுலே. அப்பன் போனதுக்குப் பெறவு என்னய நீண்ணு விளிக்கதுக்கு ஊர்ல ஆளு கெடையாது. இவளாவது விளிக்கட்டு."

பிறகு அவளுக்கு எல்லாம் விளக்கினார். செம்பு, நட்சத்திரம், முங்கல், காக்கை.

"காக்கா வரலேண்ணா?"

"வாற வரைக்கும் நிக்கணும் மக்கா."

"நனஞ்ச துணியோடயா? வெளியில மைனஸ் பதினஞ்சு. செத்துப் போவே."

"நல்லதாப் போச்சு. ரெண்டு பலியும் ஒரே செலவில முடிஞ்சிரும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். என் பேச்சுக்கு அவள் சிரிப்பதில்லை.

எலும்பை ஏரியில் விடலாமா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டிருந்தேன். விடலாம், ஆனால் அந்தத் தண்ணீருக்குச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும் என்றார்கள்.

"வெள்ளத்துக்கு உடமஸ்தனா?" அண்ணனுக்கு நம்ப முடியவில்லை. "நெய்யாற்றுக்கு யாருலே உடமஸ்தன்?"

எங்கள் கரைத் தண்ணீரில் எய்லாவுக்கும் பங்கு உண்டு. கேட்டதும் சம்மதித்தாள். குளிக்கிற குழியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அன்று காலை விருந்தினர் யாரையும் விடமாட்டேன், சவுனாவும் சூடாக இருக்கட்டும் என்றாள். அதற்குமேல் ஒருவர் என்ன செய்ய முடியும்?

அண்ணனைக் கூட்டிப் போய்க் குழியைக் காட்டினேன். படகுத்துறை மரமேடையின் நுனியில் சதுரமாக வெட்டியது. இறங்க ஏணி. உறையாமலிருக்க அடியில் ஒரு பம்பு தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். கம்பளித் தொப்பியும் நீச்சலுடையுமாக இரண்டு பாட்டிகள் இறங்கி, கழுத்தளவில் நின்று வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இது கெணறாக்கும்," என்றார் அண்ணன்.

"ஏரி அண்ணா. இருபது வீட்டுக்காரங்க குளிக்கிற எடம்."

"அதாம்லே சொல்லுகேன். நாலு பேரு குளிக்கிற கெணற்றில அப்பன விடவா? ஒழுக்கு எங்க உண்டு?"

"ஓட்டம் அடியில இருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு எனக்கு எதுக்கு?"

எனக்கும் கோபம் வந்தது. "மகரத்துக் குளிருக்கே தலையில துவர்த்துத் துண்டு கெட்டிட்டு நடந்த மனுசனாக்கும் அப்பன். அவர இந்த ஐஸுக்குள்ள போடணும்ணு யாரு அண்ணா சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். "நீ இங்கல்லா கெடக்கே," என்றார்.

4

நட்சத்திரத்துக்கு முந்தின நாள் ஒரு ஜெர்மன் குடும்பத்தை மீன்பிடிக்கக் கூட்டிப் போனேன். அண்ணனும் வந்தார். அன்று அவருக்கு ஒரிக்கல், ஒருவேளைச் சோறு மட்டும். வாளிமேல் உட்கார்ந்து தூண்டிலை ஆட்டினார். கையளவு மீன் ஒன்று மாட்டியது. நோன்பு நாள் என்று அதை அதே குழிக்குள் விட்டார். ஜெர்மன்காரர் அதைப் பெரிய மனது என்று நினைத்துக் கை குலுக்கினார்.

எல்லோரிடமும் சொல்கிறதை அன்றும் சொன்னேன். அதோ தெரிகிற பாலம்வரை போகாதீர்கள். அங்கே ஏரி இடுங்கி, இந்தப் பக்கத் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்கிறது. குளிர்காலம் முழுக்க ஓட்டம் நிற்காது. மேலே பார்த்தால் மற்ற இடத்தைப் போலவே வெள்ளையாக இருக்கும். அடியில் பனிக்கட்டி தட்டுப்போல மெலிதாக இருக்கும். அதனால்தான் ஊசியிலை மரக் கொப்புகளை வரிசையாக நட்டிருக்கிறோம். கொப்பைத் தாண்டாதீர்கள்.

என் ஆங்கிலம் அண்ணனுக்குப் புரிகிற ஆங்கிலம்தான். இரண்டு பேரும் அதைப் பயணிகளிடம் கற்றவர்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டார். "அங்க வெள்ளம் ஓடுமா?"

"ஓடும். அதாக்கும் ஆபத்து."

"வருசம் முழுக்க?"

"ஆமா."

"ம்," என்றார்.

வேறு யார் கேட்டிருந்தாலும் அது பயந்தவனின் கேள்வி. ஓடுகிற தண்ணீர் எங்கே என்று ஒரு வாரமாகத் தேடுகிறவருக்கு நானே இடத்தைக் கைகாட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

5

அண்ணன் அதற்குமேல் மறுப்புச் சொல்லாததால் குழிக்குத்தான் வருவார் என்று நினைத்திருந்தேன். காலையில் நான் முன்னதாகவே போய் சவுனா அடுப்பைப் பற்றவைத்தேன். பம்பை நிறுத்தி, ஏணியில் படிந்த பனியைத் தட்டினேன். எள்ளும் தர்ப்பையும் அண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். சோற்றை ஷீஜா வடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஆதிரா பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏரி வழியாகவே வர வேண்டும் என்று ஏற்பாடு. அவளுக்கு அன்று பள்ளி விடுமுறை.

கைபேசி அடித்தது. ஆதிரா தமிழில் பேசினாள். அதிலேயே விபரீதம் என்று புரிந்தது.

"அப்பா, பெரியப்பா பாலத்துக்குப் போவுது. கொப்பத் தாண்டியாச்சு. கூப்பிட்டா கேக்கேல்ல."

"நீ போவாத. அங்கயே நில்லு."

அவள் வைத்துவிட்டாள்.

பனி வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கொப்பு வரிசைக்கு இந்தப் பக்கமே நிறுத்தினேன். வண்டியோடு போனால் எல்லோரும் உள்ளே போவோம். வெள்ளைப் பரப்பின் நடுவில் கறுப்பாக ஓர் ஓட்டை. அதில் அண்ணன் நெஞ்சளவு. ஆதிரா சற்றுத் தள்ளிக் குப்புறப் படுத்திருந்தாள். அவளுடைய உதைவண்டியை, நாற்காலிக்கு அடியில் நீண்ட இரும்புச் சட்டம் வைத்து, நின்று உதைத்து ஓட்டும் வண்டியை, அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு ஒரு முனையைப் பிடித்திருந்தாள். மறுமுனையை அண்ணன் இடக்கையால் பிடித்திருந்தார். வலக்கையில் சிவப்புப் பட்டு சுற்றிய செம்பு. தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார், நெரிசலான பஸ்ஸில் டிக்கெட் பெட்டியைத் தூக்கிப் பிடிப்பதுபோல.

"ரெண்டு கையாலயும் பிடி!" ஆதிரா கத்தினாள். "காலப் பின்னால அடி! நீந்து! அதப் போடு பெரியப்பா, போடு!"

அவர் போடவில்லை. ஒரு கையால் ஏற முயன்றார். விளிம்பு உடைந்தது. மறுபடி முயன்றார், மறுபடி உடைந்தது. தாடி அதற்குள் வெள்ளையாக உறைந்திருந்தது.

நானும் படுத்து ஊர்ந்து மகளின் கால்களைப் பிடித்தேன். "அண்ணா, அத விடுங்க!"

"நீ கை வைக்கேல்லியேலே!" என்றார். பல் கிட்டிய வாயிலிருந்து அது துண்டு துண்டாக வந்தது. "நீ இன்னும் தொடேல்ல. எப்பிடி விடுகது?"

எங்களுக்கு நடுவே என் மகளின் நீளம், உதைவண்டியின் நீளம். கை நீட்டினால் எட்டாது. முன்னால் போனால் அவளும் உள்ளே போவாள்.

"எனக்கு அப்பன் வேண்டாம் அண்ணா," என்றேன். "நீங்க வேணும். அப்பன விடுங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையைத் தாழ்த்தி, செம்பைப் பனிக்கட்டிமேல் வைத்தார். எறியவில்லை. தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிறமாதிரி வைத்து, உடைகிற விளிம்பிலிருந்து தள்ளி இருக்கட்டும் என்று விரலால் அப்பால் நகர்த்தினார். அது கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் நின்றது. அதன்பிறகு இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தார். ஆதிரா சொன்னபடி காலை அடித்தார். நாங்கள் இழுத்தோம். வயிறு தேய அவர் மேலே வந்தார்.

எழுந்து நிற்கப் பார்த்தவரை ஆதிரா அதட்டினாள். "நிக்காத! உருளு!"

அறுபத்திரண்டு வயது ஆள் என் மகளின் சொல்கேட்டு உருண்டார்.

6

நேரே சவுனாவுக்குள் கொண்டுபோகத்தான் நான் பார்த்தேன். ஆதிரா வழிமறித்தாள். சூட்டில் திடீரென்று போட்டால் நெஞ்சு நின்றுவிடும், முதலில் ஈரத்தைக் கழற்ற வேண்டும், கம்பளி சுற்ற வேண்டும், பையத்தான் சூடாக்க வேண்டும் என்றாள். வேட்டியை அவிழ்க்க அண்ணன் விடவில்லை. காக்கை வரவில்லை, நியமம் முடியவில்லை என்று முனகினார். வேட்டி அதற்குள் பலகைபோல விறைத்திருந்தது. எய்லா கத்திரிக்கோலால் வெட்டியெடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். கால்விரல் ஒன்றும் போகவில்லை. வேலை உடுப்போடு ஓடிவந்த ஷீஜா, ஆள் பிழைத்தார் என்று தெரிந்ததும் அழுதாள். பிறகு என்னையும் அண்ணனையும் பார்த்தாள்.

"ஒருத்தருக்குப் பலி போட வந்து மூணு பேருக்குப் போட்டிருப்பீங்க இல்லியா?"



செம்பு பாலத்தடியில் அப்படியே நின்றது. உடைந்த ஓட்டை மறுநாளே மூடிக்கொண்டது. எடுத்துத் தர முடியுமா என்று மீட்புப் படையில் கேட்டேன். ஆளுக்காக வருவோம், பொருளுக்காக ஆளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். நியாயம்தான். எய்லா வருத்தப்பட்டாள். "ஏரி எடுத்துக்கொள்ளும். அதற்கு அவசரமில்லை," என்றாள்.

அவசரம் எங்களுக்குத்தான். நட்சத்திரம் போய்விட்டது. அண்ணனுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று கீழே பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். நெய்யாற்றில் நின்றிருந்தால் எல்லாம் சில நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"அண்ணா, இதையே விட்டதா எடுத்துக்க ஒக்காதா?"

"வச்சேன்லே. விடேல்ல. வைக்கது வேற, விடுகது வேற."

தாடியோடுதான் விமானம் ஏறினார். புறப்பாட்டிலும் படத்தைப் பார்த்து நிறுத்தினார்களாம். "இந்தத் தடவ ஃபாதர் எங்கேண்ணு கேக்கேல்ல," என்று ஊர் போய்ச் சேர்ந்ததும் சொன்னார்.

7

அதன்பிறகு தினம் சாயங்காலம் அவர் அழைப்பார். வேறு பேச்சில்லை.

"உண்டா?"

"உண்டு அண்ணா."

பனி பெய்து மூடிய நாட்களில் தெரியவில்லை என்பேன். காற்று பனியைத் தள்ளிய நாட்களில் சிவப்பு தெரியும். மாசி கடந்து வெயில் ஏற ஏற செம்பு சூடேறி, தனக்கான குழியைத் தானே உருக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கழுத்துவரை இறங்கிவிட்டது என்று ஒரு நாள் சொன்னேன்.

விருந்தினர்களையும் அந்தப் பாலத்துக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. ஓட்டத்தில் பனிக்கட்டி முதலில் திறக்கும் இடம் அது, அன்னங்கள் வந்து இறங்கும். குளிர்காலக் கடைசியில் வருகிறவர்களுக்கு நல்ல காட்சி, படமெடுக்க விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை ஒரு பெண் கீழே கைகாட்டி அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டாள். எல்லைக் குறி என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்கு உதவியாக வந்திருந்த ஆதிரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், "அது என் அப்பூப்பன். அப்பாவோட அப்பா," என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். ஆதிரா சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

திரும்பும் வழியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று மகளிடம் கேட்டேன். பின்னிஷில் ஏதோ சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. நான் அவரைக் குறி என்று சொன்னது சரியில்லை என்கிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் சறுக்குப் பாதையின் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பனிக்கட்டி இளகுவதற்குள் எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவர வேண்டும். இயந்திரச் சத்தத்தில் காது அடைத்துப் போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஹீட்டர்மேல் ஆதிராவின் கையுறைகள், முழங்கைவரை நனைந்த ஸ்வெட்டர். எப்படி நனைந்தது என்றேன். ஒன்றுமில்லை என்று அறைக்குள் போனாள். அன்று அண்ணனின் அழைப்பு வரவில்லை.

மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. தாடி இல்லை. பளபளவென்ற கன்னம், வெட்டுப்பட்ட இடத்தில் பஞ்சு. அப்பாவின் தாடை அப்படியே இருந்தது.

உடனே அழைத்தேன். "அண்ணா, தாடி?"

"எடுத்தாச்சு. நேற்று செம்பு போச்சுல்லா."

"யாரு சொன்னா?"

"உன் மவளாக்கும். பள்ளிக்கூடம் விட்டு வாறப்ப, பாலத்தில நிண்ணு வீடியோவில விளிச்சா. உன்னய ரெண்டு தடவ விளிச்சாளாம், நீ எடுக்கேல்ல. சுற்றும் ஐஸ் ஒடஞ்சு பொளிஞ்சு, செம்பு சரிஞ்சு நிக்குது. நான் வேட்டியோட இங்க வீட்டுப் பக்கத்துக் கால்வாய்க்கு ஓடினேன். அவ கரையோட கீழ எறங்கிட்டா. வெள்ளம் தொறந்து கெடந்த எடத்தில, கல்லப் பிடிச்சுட்டு, ஒரு கம்பால எட்டித் தொட்டா. இப்ப விடட்டாண்ணு கேட்டா. விடு மக்காண்ணேன். அந்நேரம் ரெண்டு பேரும் வெள்ளத்தில கை வச்சோம். நான் இங்க, அவ அங்க."

நான் கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"மூணு தடவ முங்கினேன். கை தட்டு மக்காண்ணேன். அவ கையுறையோட தட்டினா, சத்தமே இல்ல. ஆனாலும் ஒண்ணு வந்து கைப்பிடியில இருந்துச்சுலே. சாம்பல் நெறம். அது காக்கதானா?"

"காக்கதான் அண்ணா. இங்க அப்பிடித்தான் இருக்கும்."

"அப்ப மதி," என்றார். "நீ என்னத்துக்கு ஒண்ணும் மிண்டாம, பேசாம இருக்கே?"

வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்தேன். கைபேசியில் பார்த்தேன். முந்தின நாள் மதியம், தவறிய அழைப்பு, ஆதிரா. அதற்குக் கீழே இன்னொன்று.

இரண்டாவது தடவையும் நான் அங்கே இல்லை.

அவள் பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள், வேறு கையுறை போட்டுக்கொண்டு. ஹீட்டர்மேல் கிடந்ததை எடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.